அமலராணியின் முதல் ஓலை

ஆரோக்கியமுத்து உபதேசியார் ஓலை எழுதினால் அதில் ஒரு புள்ளி தப்பாது. ஆவூருக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சின்ன மாதா கோயிலில், கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்புக்குத்தான் ஓலை என்று பெயர். எழுதுவது என்னவோ கோடு போட்ட தாளில்தான். தம்பி மகள் அமலராணியின் ஓலை என்பதால் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாலாவதைச் சனிக்கிழமை சாயங்காலம் அவளிடம் பெருமையாக நீட்டினார்.

வாசித்துக்கொண்டே வந்தவள் மாப்பிள்ளை வரியில் நின்றுவிட்டாள். 'காப்பிரி இனத்தைச் சேர்ந்த பீட்டர் ஒட்டியேனோ' என்றிருந்தது.

அவள் தோகாவில் நர்ஸ். ஒட்டியேனோ அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன், கென்யாக்காரன். கேன்டீனில் எவனோ அதே சொல்லை இங்கிலீஷில் சொல்லி அவனைக் கூப்பிட்டபோது, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன். நாளைக்கு முன்பெஞ்சில் உட்காரப்போகிறான். அவன் அம்மா கென்யாவிலிருந்து வீடியோ காலில் பார்க்கப்போகிறார்.

அது வசவு என்று அமலராணி சொன்னதும் பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது.

"நல்ல தமிழ்ல இருக்கட்டுமேன்னு தேடி எடுத்தேன் தாயி. அகராதியிலயே போட்ருக்கு. அகராதி பொய் சொல்லுமா?"

அட்டை போன பழைய அகராதியைக் கொண்டுவந்து காட்டினார். 'கருநிறத்து அநாகரிகர்' என்று பொருள் போட்டிருந்தது. அமலராணி வாதாடவில்லை. புத்தகத்தை வாங்கி, பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து அவரிடமே கொடுத்தாள். அங்கே அவர்களுடைய சொந்தச் சாதியின் பெயர் இருந்தது. பக்கத்தில் 'இழிகுலத்தார்' என்றிருந்தது.

நாற்பது வருசமாக அந்தப் புத்தகத்தைப் புரட்டியவர், அந்த ஒரு சொல்லை மட்டும் தேடிப் பார்த்ததே இல்லை.

"இதயும் ஓலையில சேத்துருவமா பெரியப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"எழுதுனவன் நம்ம வீட்டுல ஒரு வாய் கஞ்சி குடிச்சிருக்க மாட்டான். மாப்பிள்ளைக்குப் போனைப் போடு. அவுக தன்னை எப்படிச் சொல்லிக்கிறாகன்னு கேப்போம்."

ஒட்டியேனோ திருச்சி லாட்ஜில் இருந்தான். அவன் சொல்லச் சொல்ல அமலராணி தமிழில் சொன்னாள். உபதேசியார் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினார். அவன் இரண்டு இடத்தில் திருத்தினான். ஐந்தாவது தாள் முக்கால்வாசி நிரம்பியது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் பங்குச் சாமியார் வாசித்தார். "கென்யா தேசத்து ஏரிக்கரை ஊரில், லுவோ மக்களில் பிறந்த ஓமோண்டியின் பேரனும்" என்று வந்த இடத்தில் அவர் நாக்குப் பிறழ, உபதேசியார் பெஞ்சிலிருந்தே உரக்கத் திருத்தினார். கோயிலே சிரித்தது. "ரோஸ் அக்கினி அம்மாளின் மூத்த மகனுமாகிய" என்றதும் அமலராணி கையிலிருந்த போனுக்குள் குலவைச் சத்தம் கிளம்பியது.

பெண்கள் பக்கம் தலைகள் போனை நோக்கித் திரும்பின. அடுத்து மூக்காயி அக்கா நாக்கைச் சுழற்றினாள். மற்றவர்கள் விடுவார்களா?

இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் உண்டா என்ற கடைசி வரியை வாசிக்க, குலவை ஓயும்வரை சாமியார் காத்திருக்க வேண்டியதாயிற்று.