பச்சைப் பட்டன்

எழுதிய புரோகிராமைக் கம்ப்யூட்டர் மாற்றி எடுக்கிற கம்பைல் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது கரண்ட் அடுப்பில் யாரும் காபி சுடவைக்கக் கூடாது என்பது அந்த ஆபீசின் சட்டம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது ஆபீஸ். அடுப்பைப் போட்டால் ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் போனால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். ரோஸி கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் முதலாளி ஸ்ரீநிவாசராகவன் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, ஆச்சா? வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள சர்வர்ல ஏத்திடணும்."

"நான் என்ன சார் பண்றது? அதுகிட்ட சொல்லுங்க."

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் வண்டிகளுக்கு பிரேக் கேபிள் செய்கிற ஒரு தொழிற்சாலை. அங்கே லீவு கேட்பதும் கொடுப்பதும் ரோஸி இப்போது கம்பைல் பண்ணிக்கொண்டிருந்த வெப் அப்ளிகேஷனில்தான். என்றோ ஒரு புண்ணியவான் எழுதிக்கொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டான். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினால் பிரவுசருக்குப் புரிகிற ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தருகிற கருவியை வைத்துச் செய்தது. மாற்றுகிற வேகத்தில் அது புரோகிராமில் வைத்த நல்ல நல்ல பெயர்களையெல்லாம் ஒற்றை எழுத்தாகக் கத்தரித்துப் போட்டுவிடும். கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ரோஸி தலைகீழாக நிற்க வேண்டும். ஸ்ரீநிவாசராகவனுக்கோ அதில்தான் பரம நிம்மதி.

"சார், லீவு சாங்ஷன் பண்ற பட்டனை மத்தவங்க ஸ்கிரீன்ல மறைச்சு வச்சா மட்டும் போதாது. சர்வரும் 'கேக்கறது யாரு, இவருக்கு அந்த உரிமை இருக்கா'ன்னு பாக்கணும். இப்ப அது பாக்கறதே இல்லை" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

"அந்தப் புரோகிராம் எனக்கே புரியலை. திருடனுக்கு எப்படிம்மா புரியும்?" என்று அவர் சிரித்தார்.

ரோஸி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் கிடந்தவளை இந்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதாக அவர் சொல்லியிருந்தார். பர்மனென்ட் ஆனால் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. படப்பை வீட்டில் அம்மா தனம் இரண்டு முட்டியும் போய், வாசற்படியைக் கையை ஊன்றித்தான் இறங்குகிறாள். ஆபரேஷன் பண்ணியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அதனால் ரோஸி வாயைப் பொத்திக்கொண்டு, பட்டனை மறைத்ததோடு விட்டிருந்தாள்.

போன் அடித்தது. தொழிற்சாலை மேனேஜர் கேஷவ்.

"மேடம், யாரையும் காணோம்!"

"ரெஃப்ரெஷ் பண்ணுங்க சார்" என்றாள் ரோஸி. பழக்கதோஷம்.

"ஸ்கிரீன்ல இல்ல மேடம், ஃபேக்டரியில! மொத்த ஷிஃப்டும் லீவுல போயிருக்கு. நான் நிறுத்தி வச்சிருந்த லீவு, எல்லாம் சாங்ஷன்னு காட்டுது. யார் கொடுத்தான்னு போட்டிருக்கு தெரியுமா? கேட் செக்யூரிட்டி சவுரிமுத்து!"

ரோஸி முதலாளியிடம் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட ஸ்ரீநிவாசராகவன் பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து ஸ்விட்சைத் தட்டினார். ஃப்யூஸ் போயிற்று.

காரில் போகும்போது பெருங்களத்தூர் தாண்டியதும் அவர் மெல்ல ஆரம்பித்தார். "ஹேக்கிங்னு சொல்லிடலாம்மா. அந்தாள் ஏதோ தகிடுதத்தம் பண்ணிட்டான்னு. நீ டெக்னிக்கல் ஆளு, நீ சொன்னா நம்புவாங்க. உன் பர்மனென்ட் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு. ரெண்டையும் சேத்து யோசிச்சுக்கோ."

தொழிற்சாலையில் மெஷின்கள் வாயடைத்து நின்றன. ஆடி வெள்ளி. ஊருக்குள்ளிருந்து அம்மன் கோயில் ஸ்பீக்கர் சத்தம் மட்டும் காதைப் பிளந்தது. மொத்த ஷிஃப்டும் அங்கே கூழ் வரிசையில் நின்றது. கேஷவின் அறையில் சவுரிமுத்து தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இது பக்கா ஹேக்கிங் சார்" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

கேஷவ் திரும்பினார். "யோவ், நீ ஹேக்கரா?"

"இல்ல சார், செக்யூரிட்டி."

ரோஸிக்கு சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அண்ணா, எப்படி நடந்துச்சு? பயப்படாம சொல்லுங்க."

"இன்னாம்மா பயம்? நேத்து மேனேஜர் சார் கேட்ல வந்து நம்ம கம்ப்யூட்டர்ல குந்தி இன்னாவோ பாத்துகினு இருந்தாரு. லாரி வந்துச்சு, அப்டியே எழுந்து போய்ட்டாரு. நான் என் லீவு எவ்ளோ கீதுன்னு பாக்க, அதே கம்ப்யூட்டர்ல இன்னொரு பக்கம் தொறந்து என் பேரைப் போட்டேன். பாஸ்வேர்டு அபிகாயில், பேத்தி பேரு." அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "அப்பால சாரோட பக்கத்தைப் பாத்தா, பசங்க பேருக்கு நேரா பச்சைப் பட்டன் கீது. போறப்ப வர்றப்பல்லாம் 'அண்ணே, எங்க லீவு இன்னா ஆச்சு'ன்னு உசுர எடுக்கறானுங்க. அமுக்கினேன். 'கொடுக்கப்பட்டது'ன்னு வந்துச்சு. சரி, கம்பெனியே கொடுத்துடுச்சு போலன்னு எல்லாத்தையும் அமுக்கிட்டேன்."

எல்லோரும் ரோஸியைப் பார்த்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் தொண்டையைச் செருமினார். அவளுக்கு அம்மா படியில் கையை ஊன்றி இறங்குவது கண்முன் வந்தது. இந்தக் கிழவரை ஹேக்கர் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஹேக்கிங் இல்ல சார். உங்க பக்கம் திறந்தே கிடந்துச்சு, அதுல பட்டன் தெரிஞ்சுது. இவர் லாகின் ஆனதால, அமுக்கினது இவர் பேர்லதான் சர்வருக்குப் போச்சு. அப்ப 'நீ யாருய்யா லீவு கொடுக்க'ன்னு சர்வர் கேட்டிருக்கணும். கேக்கலை. அதைக் கேக்க வைக்காதது எங்க தப்பு. லாக்-அவுட் பண்ணாம போனது உங்க தப்பு. இவர் மேல ஒண்ணும் இல்ல."

கேஷவின் முகம் கறுத்துப்போயிற்று. சவுரிமுத்து மட்டும், "அப்ப நான் கேட்டுக்குப் போவட்டுமா? அங்க யாரும் இல்ல" என்றார்.

 திரும்பி வரும்போது தாம்பரம் மேம்பாலத்துக்கு முன் சிக்னல் விழுந்ததும் ஸ்ரீநிவாசராகவன் அவள் பக்கம் திரும்பினார். "நல்லா பேசறேம்மா. பர்மனென்ட் விஷயம் அடுத்த வருஷம் பாப்போம்."

ரோஸி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகையாக வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறு வாரம் பூட்டைப் போட்டு முடித்தாள். இனிமேல் யார் எந்தப் பட்டனை அமுக்கினாலும் சர்வர் ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். உரிமை இல்லாதவருக்கு 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும், அதையும் அவளே தமிழில் எழுதி வைத்திருந்தாள். நல்ல நேரம் பார்த்து ஏற்றியாயிற்று. ஒரு சாதாரண ஆளின் பேரில் சோதித்துப் பார்க்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு ஒன்றுதான். சவுரிமுத்து என்று அடித்து, அபிகாயில் என்று அடித்தாள்.

'இந்தப் பெயரில் பணியாளர் யாரும் இல்லை.'

தப்பாக அடித்துவிட்டோமோ என்று ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தாள். அதே பதில். கேஷவுக்குப் போன் போட்டாள்.

"அவரா? அவரை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்பியாச்சே மேடம். கம்ப்யூட்டர் சேஃப்டி முக்கியமில்லையா? கேட்ல வேற ஆள் போட்டிருக்கோம்."

ரோஸி போனைக் கீழே வைத்தாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஸ்ரீநிவாசராகவன் திரையை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"பாத்தியா? உள்ளயே வர முடியலை. டெஸ்ட் பாஸ்!" என்று சொல்லிவிட்டு, காபி சுடவைக்க அடுப்பைப் போட்டார்.