பச்சையைப் பிடித்து இழு

குளிப்பாட்டுவதற்காகச் சுகுமாறனை நான்கு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் சாய்த்துக்கொண்டிருந்தபோது சேவல் கூவியது.

கிள்ளானின் அந்த ஐந்து மாடி அடுக்குவீட்டில் யாரும் கோழி வளர்ப்பதில்லை. அதனால் எவரும் சேவலைத் தேடவில்லை. எல்லோர் கண்களும் அவர் மனைவி லோகேஸ்வரியின் இடுப்புக்குப் போயின. புடவைக் கொசுவத்தில் செருகியிருந்த போன் மறுபடியும் கூவியது. செத்தவர் ஆசை ஆசையாய் வைத்துக்கொண்ட மணி அது. சீயக்காய் கரைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

லோகேஸ்வரி போனை உருவிக் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தாள். பச்சை வட்டம் கொஞ்ச தூரம் வந்துவிட்டுப் பழைய இடத்துக்கே ஓடியது. மறுபடி இழுத்தாள். மறுபடி ஓடியது.

“இங்க குடு,” என்று எதிர்வீட்டு வீரம்மா பிடுங்கினாள். ஒரே இழுப்பு. “ஹலோ... ஆமா லா, சுகுமாறன் வீடுதான். மதியம் எடுக்கிறோம். நேரா இங்க வந்துருங்க.” பேசி முடித்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். “நேத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த போனையும் நாந்தான் எடுத்தேன். இந்தக் கையாலதான்.”

அந்தக் கையை உயர்த்திக் காட்டவும் செய்தாள். காலையிலிருந்து அந்தக் கையைப் பார்க்காதவர்கள் அந்த மாடியில் யாரும் மிச்சமில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த போன் வந்த நாளிலிருந்தே ஊர்ப் பொதுச்சொத்துதான். சுகுமாறன் சுபாங் ஜெயாவில் ஓர் அடுக்ககத்துக்கு ஜாகாவாக இருந்தார். கேட்டைத் திறந்து மூடுகிற வேலை. அங்கே குடியிருந்த ஒரு சீனர் புதுசு வாங்கியதும் பழசை இவருக்குத் தள்ளிவிட்டார். பொத்தானே இல்லாமல் கண்ணாடியைத் தொட்டால் வேலை செய்கிற போன் அந்த வட்டாரத்தில் அப்போது எவரிடமும் இல்லை. சீருடையைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று காட்டினார். இப்படிச் சாய்த்தால் குண்டு உருளும். அப்படித் திருப்பினால் வடக்கு தெரியும். பத்துமலையில் எடுத்த படத்தை இரண்டு விரலால் அகட்டி, கூட்டத்தில் யார் காவடி எடுத்தார், யார் சும்மா மஞ்சள் கட்டிக்கொண்டு வந்தார் என்று பிரித்துக் காட்டினார். இதில் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோனது தனிக்கதை.

குறைகளை அவர் வாசலில் சொல்வதில்லை. மத்தியானத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். கேட் ரூமில் எந்நேரமும் சுவரோடு ஒரு கயிற்றில் கட்டிய ஆட்டுக்குட்டி மாதிரிதான் அதை வைத்திருந்தார். யாராவது தமிழில் செய்தி அனுப்பினால் எழுத்தெல்லாம் கட்டங்கட்டமாக வரும். “அது ரகசிய மொழி,” என்பார். முன்பக்கம் கேமரா கிடையாது. ஆகவே ஊரையே படம் எடுத்தவர் தன்னை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு குறை இருந்தது. அது லோகேஸ்வரியின் விரலை ஏற்றுக்கொள்ளாது.

தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலை. சூடான அச்சுகளிலிருந்து ரப்பர் கையுறைகளை உரித்து எடுக்கிற வேலையை அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்க்கிறாள். அந்த விரல் நுனிகளில் ரேகை என்று ஒன்று இருந்தது அவளுக்கே மறந்துபோயிற்று. வங்கியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னால் இயந்திரம் ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்கும். போனும் அப்படித்தான். காய்ந்த குச்சியை வைத்துத் தேய்ப்பது போல் தேய்ப்பாள். அது கண்டுகொள்ளாது. சுகுமாறன் விழுந்து விழுந்து சிரிப்பார். “ஒனக்கு இது இல்ல லோகா. ஒனக்குப் பட்டன்தான்.”

அவளிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. விழுந்தாலும் எழுந்து நிற்கிற ஜாதி.

புதன்கிழமை மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை பார்வை நேரம் முடிந்து அவள் கிளம்பியபோது, தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

“இத நீ கொண்டு போ. ஒன் போனக் குடு.”

“எனக்கு எதுக்குங்க இது? எடுக்கக்கூட வராது.”

“கண்ண மூடுனா காணாப் போயிரும். அந்தக் கோடி பெட்டுக்காரன் முழியே சரியில்ல. ஒன் பட்டன் போன எவனும் தொடமாட்டான்.”

கோடிக் கட்டிலில் இருந்தவருக்குக் கண்ணில் புரை. அவர் பார்வை எங்கே விழுகிறது என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் சொல்லி என்ன? பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டியது போன், தான் ஆஸ்பத்திரியில் கிடந்தால் போதும் என்று மனிதர் முடிவு செய்துவிட்டார்.

“போன் வந்தா பச்சையப் புடிச்சு இழு. அவ்வளவுதான். கூப்பிடுறேன், எடு.”

வார்டிலேயே ஒத்திகை பார்த்தார்கள். அவர் கூப்பிட, அவள் இழுக்க, அது வரவில்லை. “வீட்ல போயி கைக்கு எண்ண தடவு,” என்று சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து முறைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். சேவல் கூவியது. ஈரக்கையோடு ஓடினாள். கண்ணாடிக்குள் அவளுடைய முகமே அவளைக் கூப்பிட்டது. தலையில் துண்டு சுற்றி, ‘எடுக்காதீங்க’ என்று சிடுசிடுக்கும்போது அவர் எடுத்து அவள் எண்ணோடு சேர்த்து வைத்த படம் அது.

பச்சையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. புடவையில் துடைத்துவிட்டு இழுத்தாள். விரல் முட்டியால் தள்ளினாள். உள்ளங்கையால் தேய்த்தாள். நின்றுவிட்டது.

போனை ஏந்திக்கொண்டு வீரம்மா வீட்டுக்குப் போனாள். கிரில்லில் பூட்டு. அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் தேர். மாடியே காலி. மூலை வீட்டு மலாய்க்காரக் குடும்பமும் சொந்த ஊர்க் கம்பத்துக்குப் போயிருந்தது. மறுபடி கூவியது. படியில் இறங்கிக்கொண்டே இழுத்தாள். அவள் முகம் அவளைப் பார்த்துச் சிடுசிடுத்தது. கீழே கடைவாசலுக்குப் போவதற்குள் அடங்கியது. கடையும் சாத்தியிருந்தது. திருப்பிக் கூப்பிடலாம் என்றால் அதற்கும் முதலில் கண்ணாடியை இழுத்துத் திறக்க வேண்டும். படியிலேயே உட்கார்ந்தாள். மடியில் வைத்திருந்தபோது கடைசியாக ஒரு தரம் கூவியது. இந்த முறை அவள் இழுக்கக்கூட இல்லை. “என்னங்க... என்னங்க...” என்று கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. தேர் பார்த்துவிட்டு விபூதியோடு வீரம்மா படியேறி வந்தபோது வந்தது ஆஸ்பத்திரி போன். அதைத்தான் வீரம்மா அந்தக் கையால் எடுத்தாள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சுகுமாறனின் அக்கா இராஜம்மா வந்து இறங்கியதும், “என் தம்பி யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசாம போயிட்டானே,” என்று லோகேஸ்வரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த அழுகையைப் பார்த்து லோகேஸ்வரியின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“போன் பண்ணாரு அண்ணி. சாப்பிட்டியான்னு கேட்டாரு.”

இராஜம்மா அழுகையை நிறுத்தினாள். “சாப்பிட்டியான்னா கேட்டான்?”

“ஆமா.”

“அதான பாத்தேன். அவனுக்கு அதான் மொத கவல.” கண்ணைத் துடைத்துக்கொண்ட இராஜம்மாவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது.

செத்த வீட்டில் கடைசி வார்த்தைக்குக் கால் உண்டு. நம்மூர்க்காரர்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைத்தான் கேட்பார்கள். ‘சாப்பிட்டியா’ இரண்டாம் மாடிக்கு இறங்கியபோது ‘அக்காவ நல்லாப் பாத்துக்க’ என்று ஆனது. கீழே கூடாரத்தில், வீரம்மாவின் புருஷன் பரமேஸ்வரன் மைலோவை உறிஞ்சியபடி சுகுமாறனின் குரலிலேயே பேசிக் காட்டினார். அந்தக் கதையில் சுகுமாறன் பத்துமலைப் படியெல்லாம் கனவில் ஏறிவிட்டு, முருகன் கூப்பிடுகிறான் என்று தகவல் சொல்லி விடைபெற்றார். விடிந்து காப்பி கொடுக்கிற நேரத்தில் அதே கதை மாடியேறி லோகேஸ்வரியிடமே வந்தது.

“பத்துமலைக்குப் போவணும்னு கேட்டாராமே. நீயும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியாமே. புண்ணியவாளன், மனசு நெறஞ்சு போயிருக்காரு,” என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

லோகேஸ்வரி தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்? அவள் பெற்ற பொய்தான். ஆனால் வளர்ந்துவிட்டது, இனி சொன்ன பேச்சைக் கேட்காது.

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, பெட்டியில் கிடத்திய பிறகு இராஜம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். “மால வாங்கியாச்சு. மாட்றதுக்குப் படம் எங்க?”

படம் இல்லை. கல்யாணப் படத்தைக் கரையான் தின்றுவிட்டது.

“ஐசி அட்டையில இருக்குற படத்தப் பெருசாக்கிக்கலாம் அண்ணி.”

“ஐசில திருடன் மாதிரி இருப்பான். போன்ல எத்தன படம் எடுத்து வச்சிருக்கான், அதுல இல்லாமயா போகும்? மலரு, மாமா போன வாங்கிப் பாரு.”

மலர் இராஜம்மாவின் மகள். வங்கியில் வேலை. சளசளவென்று பேசாத பெண். அவள் வந்து கையை நீட்டியபோது லோகேஸ்வரி இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பேட்டரி இல்லம்மா.”

“சார்ஜ்ல போட்டுட்டே பாத்துக்கறேன் அத்த.”

“அதுல அவரு படம் இருக்காது. அவருதான எல்லாரையும் எடுப்பாரு.”

“பாத்துட்டுத் தரேன்.”

வீரம்மாவின் கழுத்து அதற்குள் இந்தப் பக்கம் நீண்டுவிட்டது. இனியும் பிடித்து வைத்தால் பேச்சாகும். லோகேஸ்வரி போனைக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். சுவரோரம் வாய்க்கரிசியில் சிந்திய நான்கைந்து மணிகள் கிடந்தன. அவற்றையே பார்த்தாள்.

மலரின் கட்டைவிரல் ஒரு வழுக்கு வழுக்கிக் கண்ணாடியைத் திறந்தது. திறந்த இடத்திலேயே நின்றது. தலையில் துண்டு சுற்றிய அத்தையின் முகம் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தது. எல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் வந்தவை. எல்லாம் எடுக்காத அழைப்புகள்.

மலர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அத்தை நிமிரவில்லை.

“என்னடி, பேயறஞ்ச மாதிரி?” என்றாள் இராஜம்மா.

“ஒண்ணுமில்லம்மா.”

“என்ன மலரு, யாராச்சும் மெசேஜ் போட்டிருக்காங்களா?” வீரம்மா எழுந்தே வந்துவிட்டாள்.

“இல்ல ஆன்டி. பேட்டரி கம்மின்னு காட்டுது.” மலரின் விரல் ஒருமுறை பக்கவாட்டில் போனது. மேஜைமேல் இருக்கிற தூசியைத் தட்டுகிற மாதிரிதான். பிறகு படங்களைத் தள்ளத் தொடங்கினாள்.

ஊரே அதற்குள் இருந்தது. வீரம்மா துணி காயப்போடுகிறாள். பரமேஸ்வரன் குறட்டை விடுகிறார். சுபாங் ஜெயா கேட்டில் ஒரு பூனை. அதே பூனை. மறுபடியும் அதே பூனை. கடைசியில் பத்துமலைக் கூட்டத்தில் யாரோ அவர் கையிலிருந்து போனை வாங்கி எடுத்த ஒன்று கிடைத்தது. ஓரத்தில், அரை உடம்பு. போனை அப்படிப் பிடிக்காதே என்று படம் எடுக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் போலிருந்தது. கை நீண்டிருந்தது, வாய் திறந்திருந்தது. மலர் இரண்டு விரலால் அகட்டினாள். முகம் மட்டும் பெரிதாகி, புள்ளி புள்ளியாய் மங்கியது.

“இது போதும்,” என்றாள் இராஜம்மா. “சிரிச்சாப்ல இருக்கான்.”

படத்தை அச்சுப்போட மலரின் தம்பி முகுந்தன் ஓடினான். கொள்ளி வைக்கப்போவதும் அவன்தான். சுகுமாறனுக்குப் பிள்ளைகள் இல்லை.

மலர் போனைத் துப்பட்டாவில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது குனிந்து, யாரிடமோ சொல்வது போல மெதுவாகச் சொன்னாள். “ரொம்ப காஞ்ச வெரல இது எடுக்காது அத்த. ரொம்ப ஈரமா இருந்தாலும் எடுக்காது. லேசா ஊதிட்டு இழுக்கணும்.”

லோகேஸ்வரி தலையாட்டினாள்.

மதியம் எடுத்தார்கள். கீழே உறுமி அடித்தது. வீரம்மா மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி அழுதாள். சும்மா சொல்லக்கூடாது, உண்மையாகத்தான் அழுதாள்.

மறுநாள் பால் தெளித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து, சாப்பிட்டவர்கள் ஆங்காங்கே பாயில் சரிந்தார்கள். மத்தியான வெயில் சமையல்கட்டு வரை வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை லோகேஸ்வரி அப்போதுதான் பிரித்தாள். ஒரு கைலி. ஒரு சீப்பு. அடியில் அவளுடைய பட்டன் போன். பேட்டரி இன்னும் முழுசாக இருந்தது.

சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணாடி போனை எதிரே வைத்தாள். பட்டன் போனில் அவர் எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள்.

சேவல் கூவியது. துண்டு சுற்றிய முகம் எழுந்து சிடுசிடுத்தது. விரலில் ஊதிவிட்டுப் பச்சையைப் பிடித்து இழுத்தாள். பாதி தூரம் வந்தது. நின்றது. திரும்பி ஓடியது. மறுபடி ஊதினாள். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடித்து அடித்து ஓய்ந்தபின், நீங்கள் அழைத்தவர் பதில் தரவில்லை, பிறகு முயற்சி செய்யுங்கள் என்று ஒரு பெண் மலாயில் மிக மரியாதையாகச் சொன்னாள். லோகேஸ்வரி அதைக் கடைசிவரை கேட்டாள்.

“எவ வீட்டுச் சேவல்டி அது, இந்நேரத்துல,” என்று எதிர்வீட்டுத் தூக்கத்திலிருந்து வீரம்மாவின் குரல் வந்தது.

லோகேஸ்வரி விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணை அழுத்தினாள்.