லைட் போட்டாச்சா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு மின்சாமான் கடையில் கிடைத்தது. மேசை விளக்குக்கு பல்பு வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் பன்னிரண்டு வோல்ட் எல்.இ.டி. பட்டை கேட்டார்.

"வீட்டுக்குன்னா பன்னிரண்டு வோல்ட் எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்கு இல்லைங்க. வீட்டுல சொன்னாங்க, இருட்டா இருக்குன்னு. காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற பெட்டி இருக்குல்ல, அதுக்கு."

அவ்வளவுதான். அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. மீதி முழுக்க என் கைச்சரக்கு. அதைத் தொடங்குவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே!

முதல் தொடக்கம்: "அந்த டிரெய்லரின் கதவைத் திறந்ததும் இருள் அவளை வாரி —" (இருள் யாரையும் வாரவில்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "சின்ன டிரெய்லரில் விளக்கு மாற்ற, முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றவும்." (தப்பில்லை. ஆனால் கதை படிக்க வந்தவர் எழுந்து ஸ்குரூடிரைவர் தேடப் போய்விடுவார்.)

மூன்றாவது: "வேன்காரம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அல்லது போய்க்கொண்டிருப்பதாக அவர் நினைத்தார்."

இதையே வைத்துக்கொள்கிறேன். எதையாவது ஒளித்துவைத்து உங்களோடு கண்ணாமூச்சி ஆட எனக்குப் பொறுமை இல்லை.

2

வேன்காரம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வைத்த பெயர் அது. கணவர் தச்சர். சமையலறை அலமாரி, துணி அலமாரி, கதவு, கீல் எல்லாம் அவர் வேலை.*

இருவரும் சேர்ந்து ஆசைப்பட்டு வாங்கியது அந்த டிரெய்லர். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மடக்கு மேசை, நிமிர்ந்தால் இடிக்கிற அலமாரி. வீட்டில் அதற்குப் பெயர் பெட்டி. அதைக் காரில் கட்டி ஓட்டுவது, பின்னால் எடுப்பது எல்லாம் வேன்காரம்மாதான். தச்சர் ஒரே ஒருமுறை பின்னால் எடுத்துப் பக்கத்து வீட்டுக் குழாயை உடைத்த பிறகு, அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

(* முதலில் "அவன்", "அவள்" என்றுதான் எழுதினேன். நாற்பதைத் தாண்டியவர்களை அப்படி எழுதக் கை வரவில்லை. அவருக்கு "அவர்", அவளுக்கு "அவள்" என்றால் அந்தம்மா வேனை நிறுத்தி இறங்கி வந்து கேட்பார். ஆகவே இரண்டு பேருக்கும் "அவர்". யார் யாரென்று குழம்பினால் தொழிலைப் பாருங்கள்.)

3

ஏரிக்கரைக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியிருந்தது. மேகமூட்டம். தண்ணீர் கேன் காரிலேயே இருந்துவிட்டது. பெட்டிக்கு வெளியே, கதவுக்கு மேல் மாட்ட ஒரு புது விளக்கைத் தச்சர் கொண்டுவந்திருந்தார். மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, இப்போது கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வெளி லைட் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

வேன்காரம்மா கதவைத் திறந்தார். எதிரே ஒன்றுமே இல்லை. படி இல்லை, புல் இல்லை, கார் இல்லை. விளக்குப் போட்டிருக்கிறது, ஆனாலும் தெரியவில்லை. அவருடைய அத்தைக்கு இப்படித்தான் மாலைக்கண்ணில் தொடங்கியது. கடைசியில் பகலும் போய்விட்டது. இவருக்கும் சில மாதங்களாகவே பொழுது மங்கினால் காலில் ஏதாவது இடித்துக்கொண்டே இருந்தது.

கதவைச் சாத்தினார்.

"தண்ணி காலைல எடுத்துக்கலாம்" என்றார்.

4

"ஏன், கேட்டிருக்கலாமே?" என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நானும் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவந்தேன். "லைட் எரியுதா, எரியலையா?" என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் கதையே இல்லை.

இந்தம்மாவை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கேட்டால் பதில் வருமே! "எரியுதே, உனக்குத் தெரியலையா?" என்று தச்சர் கேட்டுவிட்டால் அதோடு முடிந்தது. கேட்காதவரை அது வெறும் பயம்தான். பயத்தோடு இன்னும் கொஞ்ச நாள் வண்டி ஓட்டலாம்.

இங்கேதான் எனக்கும் பயம் பிடித்தது. ஓட்டுவது பள்ளிக்கூட வேன். காலையில் கவலை இல்லை, நல்ல வெயில். குளிர்காலம் வந்தால் சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கும்போது தெரு மங்கிவிடும். வேன்காரம்மாவும் அதை நினைக்காமல் இல்லை. பகல் குறுகுவதற்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். அந்த வேலையை அவர் எவ்வளவு நேசித்தார் என்று ஒரு பக்கம் எழுதினேன். கண்ணைக் கசக்குகிற பக்கம். எடுத்துவிட்டேன். நேசித்தார், அவ்வளவுதான்.

வேன் சாவிக்கு முன்னால் பெட்டியைத் தள்ளிவிடலாம் என்று பார்த்தார்.

"பெட்டியை வித்துடலாங்க."

"ஏன், என்ன குறை அதுக்கு?"

வாயில் வந்ததைச் சொன்னார். "உள்ளே ஒரே இருட்டா இருக்கு."

5

தச்சரிடம் ஒரு குறை சொன்னால் அவருக்கு அது வேலை. கதவு கிறீச்சிடுகிறது என்றால் எண்ணெய், இருட்டு என்றால் விளக்கு. அதற்குப் பின்னால் மனுஷர் இருப்பார் என்று அவர் மண்டையில் ஏறாது. பெட்டியை விற்க அவருக்குத் துளியும் மனமில்லை. இருட்டைப் போக்கிவிட்டால் விற்கிற பேச்சும் போய்விடும் என்று கணக்குப் போட்டார்.

நடுவில் இருந்த இரண்டு பழைய மஞ்சள் பல்புகளைக் கழற்றினார். மேல் அலமாரிக்கு அடியில் பட்டை விளக்கு ஒட்டினார். கட்டில் தலைமாட்டில் கழுத்து வளைகிற படிப்பு விளக்கு ஆளுக்கு ஒன்று. வெளியே, நிழலுக்கு விரிக்கிற பந்தல் துணிக்கு அடியில் ஒரு பட்டை. படிக்கு அடியில் பூச்சி அவ்வளவாக வராத மஞ்சள் பட்டை. அதற்குக் கதவோரம், உள்பக்கமாக, தொட்டால் எரிகிற சுவிட்ச். தொட்டுக்கொண்டே இருந்தால் ஒளி கூடும், குறையும், சத்தமே வராது. வயர் போன ஓட்டையையெல்லாம் மழை இறங்காமல் பசை வைத்து அடைத்தார். ஃபியூஸ் மட்டும் மறந்துபோய், ஒரு வயர் சூடாகிப் புகைந்த பிறகு நல்ல புத்தி வந்து அதையும் வைத்தார்.

"வந்து பாரேன்! நகைக்கடை மாதிரி இருக்கு."

வேன்காரம்மா வாசலிலேயே நின்றார். மத்தியான வெயில். தலையைக்கூட உள்ளே நீட்டவில்லை.

"இருட்டாத்தான் இருக்கு."

"இதுவா இருட்டு! நீ என்ன கண்ணைத் தொறந்துட்டுத்தான் பேசுறியா?"

வேன்காரம்மா வீட்டுக்குள் போய்விட்டார். தச்சர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எழுதிய எனக்கே கை கூசியது. ஆனால் மனுஷர் அப்படித்தான் பேசுவார், நான் என்ன செய்ய?

6

வேன்காரம்மாவின் பிடிவாதத்துக்குத் தச்சர் இறங்கிவந்தார். பெட்டியை வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். (முதலில் ஒரு தபால்காரரை வரவழைத்தேன். அவர் சக்கரத்தைப் பார்த்தார், படுக்கையை அமுக்கினார், விளக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. அனுப்பிவிட்டேன். பல் டாக்டர் என்றால் விளக்கைப் பற்றிக் கேட்காமல் இருப்பாரா?)

"வெளி லைட் புதுசு மாதிரி இருக்கே. எப்பப் போட்டீங்க?"

"கடைசியா ஏரிக்குப் போனோம் சார், அங்கேயே போட்டுட்டேன். வயர் இழுத்து எரியவெச்சது மட்டும் வீட்டுக்கு வந்தப்புறம்."

வேன்காரம்மா பக்கத்தில்தான் நின்றார்.

"என்ன சொன்னீங்க?"

"எதை?"

"அன்னிக்கு ஏரியில அந்த லைட் எரியலையா?"

"எப்படி எரியும்? சுவத்துல நாலு ஸ்குரூ போட்டு நிப்பாட்டியிருந்தேன். பின்னாடி வயர் தொங்கிட்டு இருந்துச்சே."

"போட்டாச்சுன்னு சொன்னீங்களே!"

"ஆமா, போட்டாச்சுதானே?"

தச்சருக்குப் போடுவது என்றால் பொருத்துவது. கதவு போடுவார், கீல் போடுவார், விளக்கும் அப்படித்தான். வண்டி ஓட்டுகிறவருக்கு லைட் போடுவது என்றால் எரியவிடுவது. இவ்வளவு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே வார்த்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதை நான் செருகவில்லை. நம் பேச்சில் இருப்பதுதான்.

வேன்காரம்மா படியில் உட்கார்ந்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பல் டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நீங்க பேசி முடிங்க, நான் அப்புறம் போன் பண்றேன்" என்று நழுவிவிட்டார். அவருக்கு இனி இந்தக் கதையில் வேலை இல்லை.

"கண்ணு போயிடுச்சுன்னு நினைச்சேங்க. அத்தை மாதிரி ஆயிடுவேன்னு நினைச்சு உள்ளுக்குள்ளேயே செத்துட்டிருந்தேன்."

தச்சருக்குக் கோபம் வந்தது.

"அலமாரிக் கதவு ஒரு நூல் கோணினா ஊரைக் கூட்டுவ. இதைச் சொல்ல மட்டும் வாய் வரலையா?"

"பயமா இருந்துச்சு."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். படி சின்னது. பாதி உடம்பு வெளியே இருந்தது.

7

இங்கேயே முடிக்கலாம். தலைப்புக்கும் பொருத்தம். நீங்களும் நிம்மதியாக எழுந்து போவீர்கள்.

ஆனால் காலில் இடித்துக்கொண்டது? அதற்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தம் இல்லையே. வேன்காரம்மாவுக்கும் அது உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இருட்டட்டும். நான் வாசல் கேட் கிட்ட போய் நிக்கிறேன். நீங்க உள்ளே நின்னு படி லைட்டைப் போடுங்க, போடாமலும் இருங்க. எங்கிட்ட சொல்லக் கூடாது. நான் சரியாச் சொல்லிட்டா இந்தப் பேச்சே வேணாம். தப்பாச் சொன்னா கண் டாக்டரையும் பார்க்கிறேன், வேன் சாவியையும் குடுத்துடுறேன்."

"எரியவிடுன்னு சொல்லு. போடுங்கன்னா திரும்பவும் குழப்பம்" என்றார் தச்சர்.

இருட்டியது. வேன்காரம்மா கேட்டருகே முதுகைக் காட்டி நின்றார். தச்சர் உள்ளே, கதவோரம். அவர் கை வெளியே தெரியாது.

முழு ஒளி. "ம், திரும்பு."

"எரியுது."

சரி. அடுத்து, அணைத்துவிட்டார்.

"எரியலை."

சரி. மூன்றாவது தடவை சுவிட்சைத் தொட்டுக்கொண்டே ஒளியைக் குறைத்தார். இருப்பதிலேயே மெல்லிய ஒளி. குனிந்து பார்த்தார். படிக்குக் கீழே கழற்றிவிட்டிருந்த அவர் செருப்பின் நுனி மஞ்சளாகத் தெரிந்தது.

வேன்காரம்மா திரும்பினார். கண்ணை இடுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எரியலை."

தச்சர் கை சுவிட்சில்தான் இருந்தது. ஒரு தொடு, அணைந்துவிடும். சத்தம் வராது. தொட்டால் அந்தம்மா சொன்னது உண்மையாகிவிடும். இவ்வளவு நாள் தனியாகக் கிடந்து மருகியவளுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா என்று நினைத்தார்.

அந்த முடிவை எழுதினேன். தொட்டார். "சரியாச் சொல்லிட்ட" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் ஏரிக்கு — (இல்லை. குளிர்காலத்தில் அந்தக் கடைசிப் பிள்ளை தெருவைக் கடக்குமே. கிழித்தேன்.)

"எரியுதும்மா" என்று உண்மையைச் சொல்லவைத்தும் பார்த்தேன். தச்சர் மறுத்துவிட்டார். மறுத்ததில் நியாயம் இருந்தது. விளக்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் எரிகிறதுதான். கேட்டருகிலிருந்து பார்த்தால்? அவர் அங்கே நின்று பார்த்ததே இல்லை.

ஆகவே சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். விளக்கை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"என்னங்க, சரியா தப்பா? சொல்லுங்களேன்."

"இரு, வர்றேன்."

முற்றத்தைக் கடந்து போய், வேன்காரம்மாவின் தோளோடு தோள் ஒட்டி நின்றார். தச்சர் இன்னும் பெட்டிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார். திரும்பிப் பார்த்து, ஒளி தெரிந்தால் குறை கண்ணில். தெரியாவிட்டால் குறை விளக்கில். இதற்கு மேல் நான் எழுதினால், எது எழுதினாலும் அந்தம்மாவுக்குச் சலுகை காட்டிவிடுவேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்துவிட்டது. நீங்கள் வந்து அவர்களுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தச்சரோடு சேர்ந்து திரும்புங்கள். என்ன தெரிகிறதோ, அதை அந்தம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.