உலகத்தின் கடைசி ஆடு

தங்கப்பாண்டி போனில் சொன்னதைக் கேட்டதும் வன்னியபெருமாளின் கையிலிருந்த மக்காச்சோளக் கதிர் நழுவிக் கீழே விழுந்தது.

"மாமா, ஒங்க ரேடியோ நாடகம் கெடச்சிட்டு! யாரோ பழைய கேசட்டையெல்லாம் யூடியூப்ல ஏத்திருக்கான். சாயந்தரம் ஸ்பீக்கரத் தூக்கிட்டு வாரேன், களத்துல வச்சே கேப்போம்."

"எந்த நாடகம்லே?" என்று கேட்டார், அவர் ஆயுசில் நடித்ததே ஒரு நாடகம்தான் என்றாலும்.

'இரண்டாயிரத்து இருபத்தைந்து' என்ற விஞ்ஞான நாடகம் அது. கோவில்பட்டியில் கல்லூரியில் படிக்கும்போது, எண்பத்தேழில், வானொலி நிலையத்துக்குப் போய் நடித்துவிட்டு வந்தார். பொத்தானை அழுத்தி மழை பெய்யவைக்கும் டாக்டர் சோமன் தான்தான் என்று முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னார். கூட்டுறவு சங்கத் தேர்தலில் சொன்னார். மழை பொய்த்து உளுந்து கருகும் வருடங்களில் அவர் ஊரான எப்போதும்வென்றானின் டீக்கடையில் யாராவது, "அண்ணாச்சி, அந்தப் பொத்தானக் கொஞ்சம் அமுக்குங்களேன்" என்பார்கள். அவரும் கூச்சப்படுவதுபோலச் சிரித்துக்கொள்வார். உண்மையில் சோமன் வேஷத்துக்குத்தான் அவர் போயிருந்தார். குரல் தேர்வில் 'ஹைட்ரஜன்' என்ற சொல் அவர் வாயிலிருந்து மூன்று தடவை மூன்று விதமாக வந்தது. அவருக்குக் கிடைத்த வேஷம், உலகத்தின் கடைசி ஆடு. பொருட்காட்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று மூன்று முறை கத்த வேண்டும். அந்த ஒலிநாடா எப்போதோ அழிந்திருக்கும் என்று நிம்மதியாக இருந்தார்.

நாலரை மணிக்குத் தங்கப்பாண்டி வந்துவிட்டான். அக்காள் மகன், கோவில்பட்டியில் செல்போன் கடை வைத்திருப்பவன். காயப்போட்ட மக்காச்சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி வேலுத்தாயும், ஓரத்தில் ஆடுகளைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுச் சுப்புத்தாயும் நெருங்கி வந்தார்கள். ஸ்பீக்கரில் நாடகம் தொடங்கி ராக்கெட் கிளம்பியது. குக்கரில் ஆவி போகிற சத்தம்தான்.

"இரண்டாயிரத்து இருபத்தைந்தில் மனிதர்களுக்குச் சோறு கிடையாது. வேளைக்கு ஆறு மாத்திரைகள்!" என்று முழங்கியது ஒரு குரல்.

"சரியாத்தான சொல்லுதான்" என்றாள் சுப்புத்தாய். "எனக்குச் சுகருக்கு மூணு, பிரஷருக்கு ரெண்டு, வாயுவுக்கு ஒண்ணு."

அந்த வருடம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பறக்கும் பஸ், இயந்திர மனிதன் என்று ஒவ்வொன்றாக வர, எதெது வந்தது, எதெது வரவில்லை என்று அவர்கள் சண்டை போட்டார்கள். டாக்டர் சோமன் வாயைத் திறந்ததும் எல்லாரும் வன்னியபெருமாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கொரலு வேற மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி?"

"அப்ப எனக்கு வயசு இருவது. மைக்கும் அந்தக் காலத்து மைக்கு" என்றார். நம்பிவிட்டார்கள். "ஏலே, பேட்டரி தீந்துரப் போவுது, அமத்தி வையி."

"எட்டு மணி நேரம் நிக்கும் மாமா."

அப்போது ஆடு கத்தியது. சுப்புத்தாயின் ஆடுகள் தலையைத் தூக்கின. இரண்டாவது கத்தலுக்குக் கிடாய் பதில் கொடுத்தது. மூன்றாவது, நீளமாக, இழுத்து, நடுவில் உடைந்துபோகிற ஒரு கத்தல். கிடாய் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, மக்காச்சோளத்தை மிதித்துச் சிதறடித்துக்கொண்டு ஸ்பீக்கரை நோக்கி ஓடி வந்தது. வன்னியபெருமாளுக்கு உயிர் வந்தது. "ஏய், ஓய், போ" என்று முடிந்த மட்டும் கூச்சல் போட்டுக்கொண்டு அதை விரட்டினார். இந்த அமளியில் கடைசியில் நடித்தவர்களின் பெயர் வாசிப்பது யார் காதிலும் விழாமல் போய்விடும்.

தங்கப்பாண்டி நாடகத்தை நிறுத்தினான். "மெதுவா விரட்டுங்க மாமா. பேரு வாசிக்கப் போறான், அமைதியாக் கேப்போம்."

கிடாயைக் கட்டி, எல்லாரும் உட்கார்ந்த பிறகு மறுபடி ஓடவிட்டான். சோமனாக நடித்தது வேறு யாரோ. இயந்திர மனிதனும் வேறு யாரோ. "ஆடு, எப்போதும்வென்றான் வன்னியபெருமாள்."

தங்கப்பாண்டி சந்தேகத்துக்கு இன்னொரு தடவை போட்டுக் கேட்டான். சுப்புத்தாய் சிரிப்பை அடக்க முடியாமல் சோளத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். வன்னியபெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வேலுத்தாய் சிரிக்கவில்லை. கிடாய் சிதறடித்த மணிகளைக் குனிந்து மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அவளும் வந்தாள். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"எப்பவே?"

"நாகலாபுரத்துல எங்க ஐயா ரேடியோவுல கேட்டோம்லா. ஊருப் பேரு வேற சேத்து வாசிச்சான். எப்போதும்வென்றான்ல இருந்து இன்ன பேருல மாப்பிள்ள வருதாருன்னு சொன்னதுமே, ஆடு வருதுன்னுதான் வீட்டுல சிரிச்சோம்."

"பெறவு எதுக்கு என்னயக் கெட்டுன?"

"மொத ரெண்டும் சும்மா கத்துனது. மூணாவது, இனி ஒருத்தரும் வரமாட்டாவன்னு தெரிஞ்சி கத்துனாப்புல இருந்துச்சி. அன்னைக்கு நான் சாப்பிடல."

"முப்பத்தேழு வருசமா ஒரு வார்த்த சொல்லலயேட்டி."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவர் சுவரைவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் டீ வந்துச்சி. வடையும் வந்துச்சி. எனக்கு வைக்காமலே திங்க ஆரம்பிச்சிட்டானுவ. அப்பக் கத்துனதுதான் அந்த மூணாவது."

வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். மடி அவிழ்ந்து மக்காச்சோள மணிகள் சடசடவென்று சிமெண்டுத் தரையில் கொட்டி உருண்டன. தெருவில் யாரோ ஒருவன் "ம்ம்மே" என்று கத்திவிட்டுச் சிரித்தான். வன்னியபெருமாள் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அடிவயித்துல இருந்து வரல" என்றார். காலில் மணிகள் இடற எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்.