வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார்

1

"தள்ளி நில்லும்மா, கண்ணாடில நீ தெரியற" என்றார் என் கணவர். படுக்கையறையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய் இருப்பதாகத் திட்டம். நான் தள்ளி நின்றேன். அன்று மாலையே இணையத்தில் விளம்பரம் போட்டார். மறுநாள் விடியலில் அவர்

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. மாரடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்தப் படங்களிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை கொட்டிய மாலையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.' பொய். நல்ல வெயில், காலிங்பெல்தான் அடித்தது. வாசலில் ஒரு நர்ஸ், இரண்டு பெட்டிகளோடு.

"ஆன்ட்டி, புதுசா குடிவர்றது நான்தான். சாவி கூரியர்ல வரும்னு சார் சொன்னாரு, வரல. அதான் நேரா வந்துட்டேன்."

"எந்த சார்?"

"வீட்டுக்காரர். வெளிநாட்டுல இருக்காராமே? நீங்க இங்க வேலை செய்றீங்களா?"

"ஆமா, சம்பளமில்லாம" என்றேன்.

போனைக் காட்டினாள். அதில் ஒரு வாடகை விளம்பரம். என் கணவர் பெயர், அவர் முகம், அவர் எடுத்த படங்கள். 'ஜன்னலைத் திறந்தால் காற்று தானே வந்து உட்காரும்': அவர் எழுதிய வரி. கண்ணாடியில் நான் இல்லை. அவருடைய முழங்கை மட்டும். விளம்பரத்தை நான் அழிப்பதற்குள் எவனோ எல்லாவற்றையும் எடுத்துத் தன் விளம்பரமாகப் போட்டிருக்கிறான்.

அவள் அனுப்பிய அட்வான்ஸ் போய்விட்டது. [இங்கே நர்ஸைக் கோபப்பட வைக்கலாமா? வேண்டாம். அவள் கோபப்படவில்லை.]

பெட்டிமேல் உட்கார்ந்தாள். "ஒரு தடவ வந்து பாத்திருக்கணும். டூட்டி மாத்திக்க முடியல. ஆன்ட்டி, வீடு உங்களோடது. நீங்க புகார் குடுத்தா அந்த விளம்பரத்த உடனே எடுத்துடுவாங்க. இல்லன்னா இன்னொருத்தி ஏமாறுவா."

3

இந்த மாதிரி ஆட்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வீட்டைக் காட்டமாட்டார்கள். வாடகை நம்ப முடியாத மலிவாக இருக்கும். பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்பார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு நான் எழுதினேன்.

"எங்க இருக்கீங்க?"

"வெளிநாட்டுல."

"எப்ப வருவீங்க?"

"இப்போதைக்கு வர முடியாது."

பக்கத்தில் அவர் படம், சிரித்தபடி. பொய்தான். ஆனால் பதில் வந்ததே.

"சாப்ட்டீங்களா?"

"அட்வான்ஸ் சீக்கிரம் அனுப்புங்க. இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க."

என் கணவர் யாரையும் அவசரப்படுத்தியதில்லை. அவர் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தம் தாண்டியிருக்கும். அந்த இடத்தில்தான் அவன் வேறு ஆளாகிப்போனான்.

4

முடிவு. புகார்ப் பொத்தானை அழுத்துகிறேன்; விளம்பரம் மறைகிறது; வெளிநாட்டிலிருந்தும் அவர் போய்விடுகிறார்.

அல்லது, நாளைக்கு என்று தள்ளிவைக்கிறேன். வாசலில் இன்னொருத்தியின் பெட்டிகள்.

(படங்களைச் சேமித்துக்கொள்ளலாமே என்பீர்கள். சேமித்திருக்கிறேன். அவை பதில் எழுதுவதில்லை.)

வேறு இடம் கிடைக்கும்வரை நர்ஸை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டேன். கூடத்திலிருந்து கேட்கிறாள்: "குடுத்துட்டீங்களா ஆன்ட்டி?"

விரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் அனுப்புவதாகச் சொன்ன சாவி அவனிடம் இல்லை. இந்த வீட்டுக்குச் சாவி இரண்டு, என்னுடையதும் அவருடையதும். இரண்டும் கதவோரத்து ஆணியில் தொங்குகின்றன.