விட்டங்களுக்கு நடுவில் இருந்த மண்

அசம்ப்டா மூனிக்குத் தன் அறையின் கூரையைப் பிடிக்காது. ஆனால் அது விழாமல் இருக்கும்வரைதான் அவளுக்கு வீடு. டப்ளின் வடகரையில் இருந்த அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் மிச்சமிருந்த ஒரே குடித்தனக்காரி அவள். மற்றவர்களை எல்லாம் வீட்டுக்காரர் கின்செல்லா கிளப்பிவிட்டார். இவள் தலைக்கு மேலிருந்த சுதை வேலையை மாநகராட்சி பாதுகாப்பில் வைத்திருந்தது. அது இருக்கும்வரை அறையைத் தடுத்து அலுவலகமாக்க முடியாது. எதற்கும் ஆகாத அறையில் ஒரு கிழவி இருந்துவிட்டுப் போகட்டும் என்று கின்செல்லா விட்டுவைத்திருந்தார். அவளுடைய உரிமை அவ்வளவுதான்.

இலையுதிர் காலத்தின் கடைசியில், அந்தக் கூரையைச் செப்பனிட மாநகராட்சி சொல்லி நாங்கள் அங்கே போனோம். ஃபின்டன் லூபிதான் சுதைக்காரன். நான் அவனுக்குச் சாந்து கலந்து, சுமந்து கொடுப்பவன். கூரையில் திராட்சைக் கொடிகள், அவற்றுக்கு நடுவே சிறகு விரித்த பறவைகள். எல்லாம் அச்சில் வார்க்காமல் கையால் பிடித்தவை. மேலே பூசிப் பூசி ஏறிய வெள்ளையில் பாதிப் பறவைகள் உருளைக்கிழங்கு போலிருந்தன. நடுப்பகுதி தொங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் மாநகராட்சி அதிகாரி வந்து பார்ப்பாள். கூரை உறுதியாக இல்லையென்றால் இறக்கிவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

“ஊர்ல எல்லாரும் பறவை பறவைன்னு உருகுறாங்க. முப்பது வருஷமா அது என் டீலதான் எச்சம் போடுது,” என்றாள் அசம்ப்டா முதல் நாளே. “ஏம்பா, நீ நெசமாவே வேலைக்காரனா, இல்ல கின்செல்லா அனுப்பின கோடாலியா?”

“ரெண்டும் இல்ல மேடம். பிஸ்கட் நல்லா இருக்கும்னு கேள்விப்பட்டு வந்தேன்,” என்றான் ஃபின்டன்.

“கிடைக்கும். கூரை நிக்கட்டும், அப்புறம் கிடைக்கும்.”

வேலை முடிகிறவரை தங்கை வீட்டில் போய் இருக்கச் சொன்னோம். அவள் கேட்கவில்லை.

“நான் படி இறங்கினா அவன் பூட்டை மாத்திடுவான். எனக்கு அவனைத் தெரியாதா?”

கட்டிலை வெளியே நடையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அறை முழுக்க முட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு முட்டின் தலையிலும் பலகை, பலகை மேல் கம்பளி. சுதை அந்தக் கம்பளி மேல் சாய்ந்திருக்க, வேலை மேல்மாடியில் இருந்து நடக்க வேண்டும்.

இந்தக் கூரைகள் நிற்கும் விதம் எளிது. விட்டங்களின் அடியில் மெல்லிய மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள். ஈரச்சாந்தைக் கீழிருந்து அழுத்தும்போது அது இடைவெளியில் புகுந்து மேலே மடிந்து காயும். அந்தச் சின்னச் சின்னக் கொக்கிகள்தான் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். இங்கே நடுவில் பாதிக் கொக்கிகள் உடைந்திருந்தன. மேல்மாடித் தளப்பலகையைப் பெயர்த்து, கொக்கிகள் மேல் கோணித்துணி போட்டு, புதுச் சாந்து ஊற்றிப் பட்டிகளோடு கட்ட வேண்டும்.

அதற்கு முன் மண்ணை எடுக்க வேண்டும். மேல்மாடிச் சத்தம் கீழே கேட்காமலிருக்க விட்டங்களுக்கு நடுவே பலகை பரப்பி, களிமண்ணும் சாம்பலும் சிப்பியும் கொட்டி வைத்திருந்தார்கள். வீட்டைக் கட்டிய நாளிலிருந்து விட்டங்கள் அந்தப் பாரத்தில் வளைந்து பழகியவை. ஒரே மூச்சில் எடுத்தால் நிமிர்ந்துவிடும். விட்டம் நிமிரும்போது சுதை அதோடு சேர்ந்து மேலே வராது. ஆகவே இரண்டு விட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு கண்ணியை ஒழித்து, கட்டி, காயவிட்டு, பிறகுதான் பக்கத்துக் கண்ணியைத் தொட வேண்டும். ஃபின்டன் அப்படித்தான் செய்தான். ஒன்று விட்டு ஒன்று. மெதுவாக.

அசம்ப்டா கதவருகே நின்று பார்த்துக்கொண்டேயிருப்பாள். அதிகாரி வருகிற நாள் நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போயிற்று.

“ஏன் நடுநடுவுல விட்டு வைக்கிறீங்க?”

“எல்லாத்தையும் எடுத்துட்டா வேலை முடிஞ்சிடுமே. அப்புறம் எங்களுக்கு யார் டீ போட்டுத் தருவா?” என்றான் ஃபின்டன்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதோடு வேலைக்குத் திரும்பிவிட்டோம்.

திங்கட்கிழமை காலை படிக்கட்டில் வாளிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் மண். அசம்ப்டா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை சாம்பல் தூசி. கை தோலுரிந்திருந்தது.

“ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகல. நீங்க சோம்பேறித்தனமா விட்டதையெல்லாம் நானே எடுத்துட்டேன். போங்க, போய்ச் சாந்தை ஊத்துங்க. இந்த வாரமே முடிஞ்சிடும்.”

ஃபின்டன் மேலே ஓடினான். கண்ணிகள் எல்லாம் காலி. கூட்டிக்கூட வைத்திருந்தாள். அவன் குப்புறப் படுத்து, பட்டிக்கும் சுதைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். விரல் உள்ளே போயிற்று. அரை அங்குலம் இடைவெளி. நாங்கள் கட்டிய கண்ணிகளில் சாந்து நடுவாக்கில் பிளந்திருந்தது.

“போச்சு,” என்றான்.

“திரும்பக் கொட்டினா?” என்றேன்.

“கொட்டிப் பாக்கலாம். வேற என்ன இருக்கு.”

மூவருமாக வாளிகளை மேலே தூக்கினோம். அதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரும் விளக்கவில்லை. ஃபின்டனின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். எங்களைவிட வேகமாகச் சுமந்தாள். மண் ஏற ஏற விட்டம் பழைய இடத்துக்கு இறங்கியது. ஆனால் உடைந்த கொக்கிகள் இடைவெளியில் கிடந்தன. விட்டம் அவற்றின் மேல் உட்கார்ந்து சுதையை முட்டுகளுக்கு நடுவே கீழே தள்ளியது. வறட்டு ரொட்டியைக் கடிப்பது போலச் சத்தம் வந்தது.

“எல்லாரும் வெளியே,” என்றான் ஃபின்டன்.

மத்தியானம் கூரை விழுந்தது. நாங்கள் நடையில் அவள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கதவிடுக்கில் புகை போலத் தூசி வந்தது. உள்ளே முட்டுகள் மட்டும் நின்றன. சிலவற்றின் தலையில் கம்பளி மேல் ஒரு துண்டு சிறகோ இலையோ மிச்சமிருந்தது.

ஃபின்டன் சொன்னான்: “மண்ணை நான்தான் எடுத்தேன்னு சொல்லிடறேன்.”

“சொன்னா? திரும்ப மேல ஏறி ஒட்டிக்குமா?”

“உங்க பேரு வராது.”

“என் பேரை வெச்சுக்கிட்டு எங்க குடியிருக்கப் போறேன்?” என்றாள். பிறகு, “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன முட்டாளா? சொன்னா புரியாதா எனக்கு?” என்றாள்.

ஃபின்டன் எழுந்துபோய்க் காலி வாளிகளை அடுக்க ஆரம்பித்தான்.

அதிகாரி வந்தாள். ஃபின்டன் தான்தான் என்றான். அசம்ப்டா நான்தான் என்றாள். யாராயிருந்தால் என்ன, கூரை இல்லை என்பதுதான் அதிகாரிக்குத் தெரிய வேண்டியிருந்தது. உடைந்ததில் நல்லதாக நாலைந்து துண்டு பொறுக்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனாள். கின்செல்லா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகப் பேசினார். அவசரமில்லை, பண்டிகை முடிந்து போனால் போதும் என்றார். அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. ஜெயித்த மனிதருக்கு அதெல்லாம் முடியும்.

ஜனவரியில் அசம்ப்டா முல்லிங்கர் என்ற ஊரில் தங்கை மகன் வீட்டுப் பின்னறைக்குப் போனாள். நான் கட்டிலை வண்டியில் ஏற்றினேன். ஃபின்டன் வரவில்லை. அவள் அவனைக் கேட்கவும் இல்லை.

பிப்ரவரியில் கின்செல்லா எங்களையே கூப்பிட்டார். அந்த அறையில் அட்டைப்பலகை அடித்துத் தட்டையான கூரை போட வேண்டும். ஃபின்டன் மாட்டேன் என்பான் என்று நினைத்தேன். குளிர்காலம், வேறு வேலை இல்லை. சரி என்றான். ஒரே வாரத்தில் முடித்தோம். ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது. வாளியைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னான்.