எட்டு கவுனும் ஒரு வெட்டுத் துண்டும்

எட்டு கவுனுக்கும் துணியை வெட்டி முடித்த பிறகுதான் தையல்காரி புருஷனிடம் கேட்டாள், இந்த மஞ்சள் துணியை எந்த வாளியில் ஊறப் போட்டீர்கள் என்று. மனுஷன் திருதிருவென்று முழித்தான். ஜுரத்தில் படுத்திருந்தவள் நேற்று நனைச்சாச்சா என்று கேட்டபோது, ஆச்சு ஆச்சு என்று தலையாட்டியவன்தான். இப்போது கேட்டால், மறந்தே போனானாம், திட்டுவாளே என்று பயந்து அப்படிச் சொன்னானாம். நல்ல பயம் போங்கள்!

பருத்தித் துணியை நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் கத்திரி வைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, முட்டிக்குக் கீழே நிற்க வேண்டிய கவுன் தொடைக்கு ஏறிவிடும். போன முறை அவசரத்தில் நனைக்காமல் வெட்டி அப்படித்தான் ஆயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று, கவுன் தைக்கக் கொடுக்கும் பாலர் பள்ளி டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். கவுன்களை நாளைக் காலையில் கொடுத்தாக வேண்டும், வேறு துணியும் கிடையாது.

சுருங்குகிற துணிதானா என்று தொட்டுப் பார்த்தாள். ஒரு சமயம் மெத்தென்று இருந்தது, ஒரு சமயம் விறைப்பாக இருந்தது. பயந்த கைக்கு என்ன தெரியும்? வெட்டியதில் மிஞ்சிய ஒரு துண்டைத் தாளின் மேல் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்துவிட்டு, எவ்வளவு சுருங்குகிறதென்று பார்க்கத் துண்டை வெந்நீரில் போட்டாள்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார், புருஷனின் அக்கா, இறங்கி வந்தது அப்போதுதான். துணியை நனைக்காமல் வெட்டாதே என்று போன முறை அவள் சொல்லப் போய், இவள் வெடுக்கென்று ஏதோ பேச, நான்கு மாதமாக இருவருக்கும் பேச்சே இல்லை. வந்தவள் வெந்நீரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். வேடிக்கை பார்க்க நல்ல நேரம் பார்த்தாளே என்று தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துண்டைப் பிழிந்து, ஈரம் போகத் தேய்த்து, தாளில் வைத்தாள். துண்டு கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்தது, ஒரு நூல்கூடக் குறையவில்லை. நம்பாமல் எடுத்து மறுபடியும் வைத்தாள். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

"நீ ஜுரத்துல கெடந்தப்ப நான்தான் நனைச்சுப் போட்டேன்," என்றாள் நாத்தனார். "ரெண்டு தடவை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"நீதான் பேசறதில்லையே. யார்கிட்ட சொல்றது?"

தையல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலின் மேல் கிடந்த துணியை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

"போன தடவையும் நீங்க சொன்னதுதான் சரி, அண்ணி. நான்தான் கேக்கல."

"அது எனக்கு அப்பவே தெரியும்," என்று உட்கார்ந்தாள் நாத்தனார். "ஊசியைக் கொடு, நான் பட்டன் வைக்கிறேன்."